காற்றாலைக் காவலனுக்கு ஆள் மாற்றிய கதை

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு நிம்மதியாகப் பெருமை பேசலாம். அதனால் சொல்லிவிடுகிறேன். முப்பத்து நாலு வயதில், இருந்த தொப்பையோடு, உடம்பை ஒட்டிய நீல உடையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, வைகை அணைப் பூங்காவில் ஊரே பார்க்க நான் பறக்க முயன்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. யோசனையே என்னுடையதுதான்.

லோக்கல் சேனல்களில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள், ஒரு பாத்திரத்துக்கு ஆள் மாற்றுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

1. உடம்பு மட்டும்தானே பாக்கி?

சின்னமனூரில் எங்கள் சேனல் என்பது ஒரு மாடி அறை. கேமரா, எடிட்டிங், டப்பிங் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், நான். வாரம் முழுக்க நகைக்கடை விளம்பரமும் காதணி விழா கேசட்டும் வெட்டி ஒட்டுவேன். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வரும் அரை மணி நேரச் சிறுவர் தொடர் மட்டும்தான் நானாக யோசித்து உருவாக்கியது. பெயர் ‘காற்றாலைக் காவலன்’. காற்றாடி சுற்றச் சுற்ற அவனுக்குச் சக்தி ஏறும். ஆடிக் காற்றில் முதுகுத் துணி தானாகப் பறக்கும் என்பதால்தான் அப்படி ஒரு கதையே எழுதினேன். எங்களிடம் பெரிய ஃபேன் கிடையாது.

காவலனாக நடித்தவர் செல்வம், வாழை மண்டியில் லோடுமேன். மலைபோல் நிற்பார், ஆனால் வசனம் கொடுத்தால் வாய் திறக்காது. அதனால் குரல் நான். தொடர் முடிந்ததும் திரையில் எங்கள் போன் நம்பர் ஓடும். பிள்ளைகள் கூப்பிடுவார்கள், நான் காவலன் குரலிலேயே பேசுவேன். ஏழு மணி வரை போன் ஓயாது.

செல்வத்துக்குக் குவைத் விசா வந்தது. பத்தே நாளில் விமானம் ஏறிவிட்டார். இனி என்ன செய்வது என்று முதலாளி கேட்டார். என்னிடம் பதில் தயாராக இருந்தது.

“மூஞ்சி முகமூடிக்குள்ள இருக்குண்ணே. கொரல் என்னோடது. உடம்பு மட்டும்தான பாக்கி?”

அவர் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

“அதான்ப்பா பாக்கி.”

நான் கேட்கவில்லை. உடையின் ஜிப் பாதி முதுகோடு நின்றுவிட்டது. மீதிக்கு ஊக்கு குத்தி, அதை மறைக்கத் துணியைத் தொங்கவிட்டு, அணைக்குப் போனேன். கைப்பிடிச் சுவரிலிருந்து குதிக்கப் போகும் நேரத்தில், ஆண்டிபட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் பிள்ளையோடு வந்து, பஞ்சுமிட்டாய் இருக்கிறதா என்று கேட்டார். அதோடு ஷூட்டிங்கை நிறுத்தியிருக்க வேண்டும்.

2. நடக்கத் தெரியாதவர்

அந்த ஞாயிறு ஐந்தே முக்காலுக்கே போன் அடங்கிவிட்டது. கடைசியாக வந்த அழைப்பு உத்தமபாளையத்திலிருந்து. பவித்ரா, இரண்டாம் வகுப்பு. வாரம் தவறாமல் பேசுகிறவள்.

“டிவில வந்தது நீங்க இல்ல.”

“நான்தான் பாப்பா. கொரலக் கேட்டாத் தெரியலையா?”

“கொரல் நீங்கதான். ஆனா டிவில வந்தது வேற ஆளு. அவருக்கு நடக்கத் தெரியல.”

வைத்துவிட்டாள். ஒரு வயது முதல் நடக்கிறேன், இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை.

அவசரமாக ஆள் தேடினேன். தேனியிலிருந்து ஒரு ஜிம் மாஸ்டர் வந்தார். அக்குளில் தேங்காய் வைத்தவர்போல நடந்தார். அடுத்து வந்த கபடி வீரர் கேமராவைப் பார்த்ததும் எதிரணியைப் பார்த்ததுபோலப் பதுங்கினார். உடை அவர்களுக்குக் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனாலும் என்னவோ இல்லை. அது என்னவென்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் மறுவாரமும் நானே வந்தேன். நாலே நாலு போன்.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

“பிள்ளைக பாக்கலேன்னா அந்த அரை மணி நேரத்தப் பெறந்தநாள் வாழ்த்துக்குக் குடுத்துருவோம்ப்பா. இன்னும் ரெண்டு வாரம் பாரு.”

3. சாய்ந்த காகிதம்

கேபிள்காரனுக்கு ஓர் உண்மை தெரியும். நியூஸ் சேனல் ஒரு நாள் முழுக்கத் தெரியாவிட்டாலும் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். கார்ட்டூன் சேனல் ஐந்து நிமிடம் கட்டானால் கன்ட்ரோல் ரூம் போன் கதறும். ஏன் என்று அந்த வாரம்தான் யோசித்தேன். கார்ட்டூன் ஹீரோ நேற்று எப்படி இருந்தாரோ இன்றும் அப்படியே இருப்பார். அவருக்குக் காய்ச்சல் வராது, தொப்பை விழாது, முக்கியமாக விசா வராது.

காவலனை வரைந்துவிடுவது என்று முடிவு செய்தேன். வரைய ஈஸ்வரியக்காவைப் பிடித்தேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கு விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் படம் போட்டுக் கொடுப்பவர். தவளையின் நரம்பு ஒன்றுகூடத் தப்பாது. பழைய கேசட்டுகளை வாங்கிப்போய்ப் பார்த்துவிட்டு, காவலன் நடப்பதை எட்டுத் தாளில் வரைந்து தந்தார். அந்த எட்டையே திரும்பத் திரும்ப ஓட்டினால் நடை வந்துவிடும். பின்னணிக்கு நான் எடுத்த போட்டோக்கள்: காற்றாலை, அணை மதகு, எங்கள் பஸ் ஸ்டாண்டு.

ஸ்கேன் செய்தேன். எட்டுத் தாளிலும் ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தான். ஸ்கேனரில் காகிதத்தைக் கோணலாக வைத்துவிட்டேன் என்று நினைத்து, ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் நிமிர்த்தினேன். ஒரு பகல் முழுக்க அதே வேலை. எட்டையும் கம்ப்யூட்டர் ஓடும் படமாகக் கோத்து முடித்ததும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், பாராட்டை எதிர்பார்த்து.

“யாரு தம்பி இத நிமித்துனது?”

“நான்தாங்க்கா. பேப்பர் சாஞ்சிருச்சு.”

“பேப்பர் சாயல. அவுகதான் சாஞ்சு நடக்குறாக. தார் தூக்கித் தூக்கி வலது தோள் எறங்கிக் கெடக்கு. இம்புட்டு நாளு என்னத்தப் படம் பிடிச்சீக?”

பழைய கேசட்டைப் போட்டேன். ஆமாம். செல்வத்தின் வலது தோள் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. இல்லாத வாழைத்தாரைச் சுமப்பவர்போலத்தான் அவர் எதிரியை நோக்கி நடந்தார். இரண்டு வருடம் அந்த உடம்பை ஃபிரேம் ஃபிரேமாக வெட்டி ஒட்டிய எனக்கு அது கண்ணில் படவில்லை. ஹீரோ என்றால் நிமிர்ந்துதான் நிற்பான் என்று நானாக எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகளுக்கு அந்தத் தோள்தான் காவலன்.

நிமிர்த்திய எட்டையும் அழித்துவிட்டு, மறுபடி ஸ்கேன் செய்து, சாய்ந்தபடியே விட்டேன்.

ஞாயிறு ஐந்து மணிக்குக் காற்றாலை வரிசைக்கு நடுவே, ஒரு தோள் இறங்க, துணி பறக்க, காவலன் நடந்து வந்தான். மொத்தம் எட்டே படம். இன்றைக்கும் அந்த ஷாட்டை நினைத்தால் தானாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். அதன்பிறகு அந்தத் தொடர் மூன்று வருடம் ஓடியது. பிறந்தநாள் வாழ்த்துக்கு முதலாளி வேறு நேரம் தேடிக்கொண்டார்.

இதில் நான் கற்றது ஒன்றுதான். ஆளை மாற்றலாம், ஆளே இல்லாமல் கோட்டிலும் வரையலாம். ஆனால் பார்க்கிறவர்கள் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர்களிடம் கேட்காமல் எதையும் நிமிர்த்தக் கூடாது.

வரைந்த காவலன் வந்த அந்த முதல் ஞாயிறு போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆறரை மணிக்குப் பவித்ராவுக்கு லைன் கிடைத்தது. இரண்டு வாரமாக எங்கே போயிருந்தீர்கள், கால் வலியா என்றெல்லாம் விசாரித்தாள். படமாக மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தோடு நான் வைத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. இரண்டு வாரம் ஊக்கு குத்திக்கொண்டு உழைத்தவனுக்கும் ஏதாவது மரியாதை கிடைக்குமா என்று, காவலன் குரலை இன்னும் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு கேட்டேன்.

“நான் இல்லாதப்ப என் உடுப்பப் போட்டுக்கிட்டு ஒருத்தர் வந்தாரே பாப்பா, அவரு எப்பிடி?”

“அவன் வில்லன்.”