சட்டைப் பையில் ஒரு தோல் வாஷர்

எங்கள் ஊர் நிலக்காரர் ஒருவர், கொய்யாத் தோப்பில் கிளித் தொல்லை என்று சொல்லி, அவர் அப்பா காலத்து ஏர் ரைஃபிளை என் சைக்கிள் கடையில் கொடுத்திருந்தார். அடிப்பிடியை இழுத்து இழுத்துக் காற்றடைக்கும் வகை.

பத்து நாள் வேலை. துருவைத் தேய்த்தேன். கட்டைக்குப் பாலிஷ் போட்டேன். காற்று கசியாமல் இருக்கப் புதிதாகத் தோல் வாஷர் வெட்டி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து மாட்டினேன். நேற்று இங்கே பெருமையாகப் போட்டோவும் போட்டேன்.

இன்று காலை வந்தார். எட்டு முறை காற்றடித்து, கடைக்குப் பின்னால் ஒரு டப்பாவைச் சுட்டார். தகரம் இரண்டு பக்கமும் ஓட்டை.

"மாடியிலேர்ந்து கெணறு வரிக்கும் போவுமா?"

"கெணத்தாண்ட கிளி ஏதுண்ணா?"

சிரித்தார். "லீவு வுட்டா காலனி பசங்க வந்து குதிக்குதுங்களே, அதுங்களும் கிளிதான்."

"காத்து லீக் ஆவுது, சாயங்காலம் வாங்கண்ணா" என்று வாங்கி வைத்து, அவர் போனதும் வாஷரைக் கழற்றிவிட்டேன்.

மதியம் போன் செய்தார். "தகரத்தையே தொளைச்சிச்சி, இன்னா லீக்கு? நீ போன்ல போடறதெல்லாம் பாத்துக்கினுதான் கீறேன் தம்பி."

பாருங்கண்ணா. அதனால்தான் இதையும் எல்லோரும் பார்க்கும்படி போடுகிறேன்.

ஐந்து மணிக்கு வருவார். உத்திரமேரூரில் யாருக்காவது பஞ்சர் ஒட்ட வேண்டுமென்றால் அந்த நேரத்துக்கு வாருங்கள். இன்று இலவசம். பஞ்சர் ஆகாத வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை.