குல்லாய் போட்ட ரோஜாவும் மாலை போட்ட மெஷினும்

வெப் டிசைனர் வேலை என்பது, நாம் ஆசையாகச் செய்ததை அடுத்தவர் சொல்லச் சொல்ல அழித்துவிட்டு, மிச்சமிருப்பதற்கு நம் பெயரைப் போட்டுக்கொள்வது. "லோகோவ இன்னும் கொஞ்சம் பெரிசா" என்பதைக் கேட்டுப் பல்லைக் கடித்த அன்பர்களே, இது உங்களுக்காக.

பீட்சா கடை

ஓசூரில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்த காலம். கோர்ஸ் முடித்த கையோடு பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். சி.டி.யில் என் சைட்டுகள்: இல்லாத பீட்சா கடைக்கு ஒன்று, இல்லாத விமான கம்பெனிக்கு ஒன்று. வேலை கிடைக்காவிட்டால் தான் வேலை பார்க்கும் ஃபேக்டரி ஸ்டோர்ஸில் உட்கார வைப்பதாக அப்பா சொல்லியிருந்தார். திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்தவர், ஃபேக்டரியைத் தவிர எதையும் நம்பமாட்டார். எனக்கோ போல்ட், நட்டு என்றாலே ஆகாது.

மேனேஜர் சி.டி.யைத் திருப்பிக் கொடுத்தார். "நிஜ ஆளுங்களுக்கு மூணு சைட் பண்ணிட்டு அடுத்த மாசம் வாங்க. உங்க பீட்சா கடைக்காரர் ஒருநாளும் சண்டை போட்டிருக்க மாட்டாரே."

காட்டக் கூடாத சரக்கு

முனிராஜ் அண்ணனுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை. பெரிய கம்பெனிகளுக்கு வண்டி பாகங்கள் கடைந்து கொடுப்பார். சும்மாவே செய்து தருகிறேன் என்றதும் சம்மதித்தார். பளபளக்கும் பாகங்களை விதவிதமாகப் போட்டோ எடுத்துப் போட்டேன். பார்த்தவருக்கு வேர்த்துவிட்டது. பாகங்களின் டிராயிங் ஆர்டர் கொடுத்த கம்பெனியுடையதாம், வெளியே தெரிந்தால் ஆர்டரே போய்விடுமாம்.

வேறு எதைத்தான் காட்டுவது? ஆயுத பூஜை ஆல்பத்தை எடுத்து நீட்டினார். லேத் மெஷின் முழுக்கச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. கீழே உடைத்த பூசணிக்காய். தயாரிப்புகள் பக்கத்தில் அதுதான் ஏறியது. உள்ளுக்குள் அழுதுகொண்டே வெளியே தலையாட்டினேன். அண்ணன் சொன்னார்: "பார்ட்டக் காட்டுனா பிரச்சனைம்மா. பூஜையக் காட்டுனா எவன் வந்து கேக்கப் போறான்?"

விரிந்த ரோஜா

தளியில் சென்னப்பா ரோஜா ஏற்றுமதி செய்பவர். ஒரே மூச்சில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் பேசுவார். திரை நிறைய இதழ் விரித்த ஒரு சிவப்பு ரோஜாவை முகப்பில் வைத்தேன். அதைவிட அழகாக நான் இன்றுவரை எதுவும் செய்ததில்லை.

மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெளிநாட்டுக்கு மொட்டுதான் போகும். அது விரியாமலிருக்க வலையில் குல்லாய் மாட்டியிருப்பார்கள். அந்தக் குல்லாய் மொட்டுகளையே வரிசையாகப் போடச் சொன்னார். குளிருக்குப் பயந்த பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நின்றன. "விரிஞ்ச பூவப் போட்டா, விக்காம நின்ன சரக்குன்னு நெனச்சுக்குவான்மா."

போணி

கிருஷ்ணகிரியில் லாரி ஸ்பேர்ஸ் கடை வைத்திருந்த அன்வர் பாய் டிசைனில் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: சைட்டை முதலில் திறப்பவர் கைராசிக்காரராக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தன் அக்காவைப் பிரவுசிங் சென்டருக்கே அழைத்து வந்துவிட்டார்.

அக்கா திறந்தால், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண் ஏற்கெனவே எகிறிக் கிடந்தது. சரிபார்க்கிறேன் பேர்வழி என்று நான் திறந்து திறந்து பார்த்ததன் பலன். அக்கா சிரித்துவிட்டார். பாய் சிரிக்கவில்லை. "அப்ப போணி உங்க கைதானா? மொதல்ல உங்களுக்கு வேலை கெடைக்கட்டும், அப்பறம் என் கடையப் பாப்போம்."

மறுபடி பெங்களூர்

மேனேஜர் மூன்றையும் பொறுமையாகப் பார்த்தார். இதில் உங்கள் யோசனை எது என்று கேட்டார். தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அதையே சொன்னேன். ஸ்டோர்ஸ் நாற்காலி கண்முன் வந்து நின்றது.

அவர் பட்டறை சைட்டில் இருந்த நம்பருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, இந்தப் பெண் எப்படி என்று விசாரித்தார். முனிராஜ் அண்ணன் சொன்ன பதிலுக்கு மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்து, திங்கட்கிழமையே சேரச் சொல்லிவிட்டார். அந்தப் பதில்: "எதச் சொன்னாலும் மூஞ்சியத் தூக்காம மாத்திக் குடுத்துச்சு சார், தாராளமா எடுத்துக்கங்க. ஆனா ஞாயித்துக்கெழம மட்டும் இங்க அனுப்பிடுங்க, புது மெஷின் எறங்குது, பூஜை போட்டோ மாத்தணும்."

பெங்களூரில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஞாயிறுதோறும் ஓசூரில் சும்மா போட்டோ மாற்றுவதற்குப் பெயர்தான் போர்ட்ஃபோலியோ என்பதை எந்தக் கோர்ஸிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.