அத்தா வாடகை வீடு பார்க்கப் போன நாள்

இன்று மருந்துக்கடையில் யாரோ திறந்த தைலத்தின் வாசனை, இப்போது வெறும் கடைகளாகிவிட்ட எங்கள் பழைய திண்டுக்கல் தெருவில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அங்கே ஒருவர் மதுரைக்குக் கிளம்பினால் தெருவே அவரிடம் சாமான் சொல்லிவிடும். முடியாது என்று சொல்லும் வழக்கமே இல்லை.

அத்தாவுக்கு மதுரையில் வேலை கிடைத்திருந்தது. அம்மாவுக்கோ இந்தத் தெருவை விட்டு வர மனமில்லை. ஐந்து வேளைத் தொழுகையிலும் இங்கேயே இருக்க வேண்டும் என்ற அதே துஆதான். ஒருநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வீடு பார்க்கக் கிளம்பிய அத்தாவை எதிர்வீட்டு மீனாட்சி அக்கா பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, மாமியாருக்கு முட்டுவலித் தைலம் வேணும்."

"மதுரையையே தூக்கிட்டு வரச் சொல்லு தாயி!"

"ஏலுமுன்னா கொண்டாங்கண்ணே!"

பிறகு தையற்காரருக்கு நூல், பக்கத்து வீட்டாருக்கு மூக்குக்கண்ணாடி, பள்ளிவாசலுக்கு ஊதுபத்தி என்று தெருமுனை வரை சொல்லிக்கொண்டே வந்தார்கள். பொழுது சாய்ந்து மஃரிபு நேரத்தில் தைலம் மணக்கத் திரும்பினார் அத்தா.

"வீடு எப்படிங்க?" என்று கேட்டார் அம்மா.

"அம்புட்டுச் சாமானையும் வாங்கிட்டுப் போறதுக்குள்ள வீட்டுக்காரரு வேற ஆளுக்குக் கொடுத்துட்டாரு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொன்ன அம்மா, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.