பிள்ளைக்காம்பராவில் கற்ற ஆங்கிலம்

நான் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. சங்கக் கூட்டமானாலும் கோயில் கூட்டமானாலும் பின்வரிசையில் சுவரோடு சுவராக நிற்பேன். அதனால் நான் ஆங்கில வகுப்புக்குப் போகத் தொடங்கியபோது என் வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான்.

"நீ தமிழ்லயே வாயத் தொறக்க மாட்ட. இங்கிலீசு படிச்சு யாருகிட்ட பேசப் போற?"

யாரிடம் என்று எனக்கும் அப்போது தெரியாது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில், மேல் டிவிஷன் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். தாய்மார் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓடாது என்பதால் விடிவதற்கு முன்பே வந்துவிடுவார்கள். பாதிப் பிள்ளைகள் தோளில் தூங்கியபடியே வரும்.

சாதாரண தரம் வரை படித்தவள் நான். சிங்களம் படிக்காமலே வந்துவிட்டது. கடை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாமே அதில்தானே. ஆங்கிலம் படித்தும் வரவில்லை. பிள்ளைகளுக்கென்று யாரோ அனுப்பிய பெட்டி நிறைய ஆங்கிலப் படப் புத்தகங்கள் காம்பராவில் கிடந்தன. படத்தைக் காட்டி நானாகவே கதை கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையான கதை என்னவென்று பார்க்க ஆசை. தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம் டீச்சர் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு வகுப்பு வைக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

வினைச்சொற்கள் சுலபமாகத்தான் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் வருகிற சின்னச் சொற்களில்தான் தடுக்கி விழுந்தேன். தமிழில் 'பஸ்ஸுக்கு' என்றால் அந்தச் சின்னது பஸ்ஸின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அதைப் பிய்த்து முன்னால் நிறுத்த வேண்டும். அதுவும் ஆளுக்கு ஒன்று. வெயிட் என்றால் ஃபோர், லிஸன் என்றால் டு, டிபெண்ட் என்றால் ஆன், லாஃப் என்றால் அட்.

"இதுக்கு ஒரு ரூல் இல்லீங்களா டீச்சர்?" என்று கேட்டேன். வகுப்பில் நான் கேட்ட முதல் கேள்வி அது.

"ஏன் எண்டு கேட்டா எனக்கும் தெரியாது அக்கா. ரெண்டையும் பிரிக்காமல் ஒரே சொல்லெண்டு நினைச்சுப் பாடமாக்குங்கோ. பிறகு உங்கட வேலையில அதை எங்க காணுறியள் எண்டு பாருங்கோ."

சில வினைகளுக்குப் பின்னால் ஒன்றுமே வராது என்றும் சொன்னார். ரீச், டிஸ்கஸ், மெரி. ஒருவரை மணந்தேன் என்று சொல்ல 'வித்' வேண்டியதில்லையாம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பால் வெட்டுகிற தங்கச்சி சும்மா இருக்கவில்லை. அவளுடைய சின்ன மகன் என் காம்பராவில்தான் வளர்கிறான்.

"கல்யாணத்துக்கே 'கூட' வேணாமா டீச்சர்? அதான் எங்க வீட்டு மனுசன் தனியாவே திரியுறாரு!"

டீச்சருக்குச் சிரிப்பு அடங்க நேரமானது.

டீச்சர் சொன்னபடி என் வேலையில் தேடிப் பார்த்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. பிள்ளைக்காம்பரா முழுக்க அந்த ஜோடிகள்தான் ஓடித் திரிந்தன. கதவைப் பார்த்தபடி அம்மாவுக்காக நிற்கிற பிள்ளை, வெயிட் ஃபோர். பக்கத்துப் பிள்ளையின் பிஸ்கட்டைக் கேட்டு அழுகிறது, ஆஸ்க் ஃபோர். கீழே விழுந்தவனைப் பார்த்து எல்லாரும் சிரிப்பது லாஃப் அட். லுக் என்ற ஒரு சொல் மட்டும் மூன்று வேலை செய்தது. தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தால் லுக் அட். பாய்க்கட்டுக்குப் பின்னால் ஒளிந்தவனைத் தேடினால் லுக் ஃபோர். நாள் முழுக்க நான் செய்கிறது லுக் ஆஃப்டர். என் வேலைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. சோறு ஊட்டும்போது வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்.

"அக்கா லண்டனுக்குப் போகப் போறாங்க. நம்ம புள்ளைங்கள யாரு பாக்கிறது?" என்று தாய்மார் கேலி செய்வார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் செய்தி வந்தது. எங்கள் றப்பரை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பனி, கீழ் டிவிஷனில் ஆபீசுக்குப் பக்கத்தில் பெரிய பிள்ளைக்காம்பரா ஒன்று கட்டப் பணம் தருகிறதாம். அது வந்தால் எங்களுடையதை மூடிவிடுவார்கள். கீழே போக ஓயா என்கிற சிற்றாற்றைக் கடக்க வேண்டும். அதன் மேல் ஒரு பலகைதான் கிடக்கிறது. மழை கனத்தால் தண்ணீர் அதற்கு மேலே ஓடும்.

"இருட்டுல புள்ளையத் தூக்கிக்கிட்டு அந்தப் பலகையில நடக்கணுமா அக்கா? நான் வேலைக்கே போகல" என்றாள் வகுப்புத் தங்கச்சி. வேலைக்குப் போகாமல் அவளால் இருக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

கம்பனியிலிருந்து ஓர் அம்மா பார்க்க வருவதாகச் சொன்னார்கள். வெளியாட்கள் வந்தால் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயாதான் மொழிபெயர்ப்பார். ஒருமுறை கங்காணி நாங்கள் குடியிருக்கிற லயத்துக் கூரை, கக்கூஸ், பாதை என்று மூச்சு விடாமல் சொன்னதை அவர் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது அதில் எனக்கு விளங்கியது 'ஹேப்பி' என்ற ஒரே சொல்தான். ஆனாலும் அவர் கெட்டவர் இல்லை. ஆபீசுக்குப் போய், இந்த ஓயா விசயத்தை மட்டும் சரியாகச் சொல்லிவிடும்படி கேட்டேன்.

"சொல்லலாம் தங்கச்சி. ஆனா நான் சொன்னா, ஆபீஸ்ல இருந்துகிட்டே தொரையோட பிளானுக்கு எதிரா நான் பேசினதா ஆயிரும். நீங்களே சொல்லுங்க."

"எனக்கு எங்கங்க இங்கிலீசு?"

"அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை எங்க போறீங்க? கோயிலுக்கா?"

அந்த அம்மா வந்த நாளில் மழை தூறிக்கொண்டிருந்தது. கூட வந்தவர் தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத் தொரை, சிங்களவர். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு விளையாடினார். பிறகு, புதிய இடம் தாய்மாருக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். கிளாக்கர் ஐயா அதை எனக்குத் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

தங்கச்சியின் மகன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

"மதர்ஸ் டிபெண்ட் ஆன் திஸ் ப்ளேஸ்" என்றேன்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு என் வாய் நிற்கவில்லை. தாய்மார் இருட்டிலேயே மரத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள், நான் அவர்களுக்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறேன், இந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். ஜோடி ஜோடியாகப் பாடமாக்கியவை ஜோடி ஜோடியாகவே வந்தன. ஓயாவுக்கு வந்ததும் ஆங்கிலச் சொல் இல்லாமல் நின்றுவிட்டேன். "ஓயா... ஓயா..." என்று கையால் தண்ணீர் ஓடுவதைக் காட்டினேன்.

"ஸ்ட்ரீம்" என்று எடுத்துக் கொடுத்தவர் சின்னத் தொரைதான்.

அந்த அம்மா அதைப் பார்க்க வேண்டும் என்றார். பால் வெட்டி முடித்து வந்த ஒரு தாயிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு எல்லாரும் இறங்கிப் போனோம். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த தங்கச்சியும் சேர்ந்துகொண்டாள். பலகையின் ஒரு நுனி தண்ணீருக்குள் கிடந்தது. அந்த அம்மா கரையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கச்சி என் தோளை இடித்தாள்.

"அட்டைக்கு இங்கிலீசு என்ன அக்கா? அந்தம்மா காலுல ஏறுது!"

அது தெரியாது. ஆனால் "லுக் அட் யுவர் லெக்" என்று தெரியும். அந்த அம்மா குனிந்து பார்த்துப் போட்ட கூச்சலில் கிளாக்கர் ஐயாவே சிரித்துவிட்டார். நான் சவர்க்காரத் துண்டைத் தேய்த்து அட்டையை எடுத்துவிட்டேன். பிள்ளைகளுடைய காலுக்கென்று அது எப்போதும் என் இடுப்பில் இருக்கும். இருட்டிலும் இந்தப் பாதை இப்படித்தானா என்று அந்த அம்மா கேட்டார். யெஸ் என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. கீழே கட்டுவது கீழ் டிவிஷன் பிள்ளைகளுக்கு மட்டும். எங்களுடையதை மூடுவதில்லை, கூரையை மாற்றித் தரையையும் பூசித் தருவார்கள். அன்றைக்குத் தங்கச்சி சாயங்காலம் வீட்டில் சுட்ட ரொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் டீச்சர், அந்த அம்மாவிடம் நான் பேசியதை எல்லாம் திருப்பிச் சொல்லச் சொன்னார். கேட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கையை உயர்த்தினார்.

"'ரீச் டு' எண்டு சொன்னனீங்களோ? அதுக்கு ஒண்டும் வராதெண்டு படிப்பிச்சனான் அல்லோ?"

"வந்திருச்சுங்க டீச்சர்."

"அவவுக்கு விளங்கினதோ?"

"ஓயாக்கரை வரைக்கும் வந்தாங்களே."

இப்போது 'ரீச்' சரியாகத்தான் சொல்கிறேன். கூரையும் மாறிவிட்டது. தண்ணீர் மட்டும் இன்னும் லயத்துக் குழாயிலிருந்து வாளியில் தூக்கி வருகிறேன். வேலை எப்படி நடந்திருக்கிறது என்று பார்க்க அந்த அம்மா மறுபடி வருகிறாராம். போன வாரம் கிளாக்கர் ஐயா வழியில் நிறுத்தி, தண்ணீர்க் குழாயைப் பற்றித் தான் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். அது யாருடைய பிளானுக்கும் எதிரில்லையாம்.

"வேணாங்க ஐயா. நானே கேக்கிறேன்" என்றேன்.