பேச்சுக்கு மார்க் போடுகிறவள்

ஊர் ஊராகப் போய், பிசியோதெரபி மாணவர்கள் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று மூலையில் நின்று கவனித்து மார்க் போடுவது என் வேலை. வாயைத் திறக்காமல் நிற்கும் வேலை எவ்வளவு கஷ்டம் என்பது என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்! இந்த முறை எனக்குக் கூடுதல் கவலை தேன்மொழி. அதிகம் பேசாத பெண். இரண்டு முறை நானே ஃபெயில் போட்டிருந்தேன். மூன்றாவதும் போனால் தோழிகள் எல்லாம் இன்டர்ன்ஷிப் போக, அவள் மட்டும் வீட்டில் உட்கார வேண்டும்.

லூஸ்

விழுப்புரத்தில் முதல் மாணவன் தினேஷ். தோள் இறுகிப்போய் முகையூரிலிருந்து வந்திருந்த விவசாயி கையை விறைப்பாகவே வைத்திருந்தார். "ஐயா, நீங்க லூஸா இருங்க" என்றான். அவர் முறைத்தார். இவன் இன்னும் பணிவாக, "பயப்படாதீங்க, முழு லூஸா ஆயிடுங்க" என்றான்.

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டே சொன்னார்: "யாரப் பாத்து லூஸுன்ற? முகையூருல வந்து கேட்டுப் பாரு, நானு எம்மாம் வெவரமான ஆளுன்னு!"

பத்துக்குப் பத்து

திண்டிவனத்தில் ஓர் அக்கா, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பையை வீசிக்கொண்டு ஜோராக நடந்து வந்தார். "வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?" என்று மாணவன் கேட்டான். அவர் என் கையிலிருந்த பேனாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பத்து" என்றார். பையன் பதறிப்போய் அவரைப் படுக்கச் சொன்னான்.

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு வலியோடு எப்படி பஸ் ஏறி வந்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். "எனக்கேது மேடம் அம்மாம் வலி? புள்ளைக்குத்தான் பத்து போட்டேன். பாவம், பயந்துக்கினு நிக்குது."

தொடர்பு

அடுத்து தேன்மொழி. விக்கிரவாண்டி லாரி டிரைவர் ஒருவர், முட்டி வலி, கூடவே மனைவி. தேன்மொழி நாலே வார்த்தை பேசி, காலைத் தூக்கிக் காட்டினாள். அவர் அப்படியே திருப்பிச் செய்தார். ஆனால் என் தாளில் சரளமாகப் பேசுவதற்குத்தான் மார்க். பேனா அந்தக் கட்டத்துக்கு மேலேயே நின்றது. அவளைவிட எனக்குத்தான் படபடப்பு.

கடைசிக் கேள்வியை நோயாளியிடம் நான் கேட்க வேண்டும். தாளில் ஆங்கிலத்தில் 'கம்யூனிகேட்' என்று இருந்ததை அங்கேயே நல்ல தமிழாக்கிக் கேட்டேன்: "இந்தப் பொண்ணு உங்களோட நல்லா தொடர்பு வச்சிக்கிட்டாங்களா?"

மனைவி விருட்டென்று எழுந்தார். "இன்னாம்மா பேச்சு இது? எங்க வூட்டுக்காரரு அப்பிடிப்பட்ட ஆளு கெடையாது!" தேன்மொழிதான் அந்த அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "அக்கா, நான் சொன்னது அண்ணனுக்குப் புரிஞ்சுதான்னு மேடம் கேக்கறாங்க. அவ்ளோதான்." அந்த அம்மா சிரித்தே விட்டார். "அத்த அப்பிடிக் கேக்கறதுதான? மேடத்துக்கும் நீயே பேசக் கத்துக் குடும்மா!"

தேன்மொழிக்கு அங்கேயே பாஸ் போட்டேன், என் பேச்சுக்கு மார்க் போட ஒரு தாள் இல்லாததால் நானும் தப்பித்தேன்.