சட்டைப் பையில் இருந்தவள்

குருவிநத்தம் பவுனம்மாள் செல்போனுக்குள் இருந்த பொம்பளையின் குரல்வளையை நெரித்துவிட்டாள் என்று பாகூர் கடைத்தெருவில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. புருஷன் சாமிக்கண்ணு தினமும் அந்தக் குரலோடு குலாவிக்கொண்டிருந்தாராம். இவள் வயலிலிருந்து வந்தவள் கையும் களவுமாகப் பிடித்தாளாம். அன்றைக்கே போனைப் பூசாரியிடம் கொண்டுபோய் வைத்து, மந்திரித்து, உள்ளே இருந்தவளை ஓட்டிவிட்டாளாம். சலூனில் கேட்டால் பூசாரி இல்லை, பாதிரியார் என்பார்கள். கறிக்கடையில் கேட்டால் சாமிக்கண்ணு எந்தக் கன்னத்தில் அடி வாங்கினார் என்பதையும் சேர்த்துத் தருவார்கள்.

வம்பு என்றால் எனக்கும் வெல்லம்தான். ஆனால் இந்த விஷயத்தில் நடந்தது வம்பைவிட ருசியாக இருப்பதால் நடந்ததையே சொல்லிவிடுகிறேன். நடவுக்குப் பெண்களை ஏற்றிப் போகிற குட்டியானை வண்டி என்னுடையது. பவுனம்மாள் முன் சீட்டில் உட்காருவாள். நான் ஓட்டுவேன். ஓட்டுகிறவனுக்குக் காது சும்மாதானே இருக்கிறது. சாமிக்கண்ணு விஷயத்தை இப்போதே முடித்துவிடலாம். அவர் கட்டிய பெண்டாட்டியிடமே சோறு, தண்ணி, சட்டை என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. செல்போனில் எங்கே போய்க் குலாவப்போகிறார்?

பவுனம்மாள் நடவு ஆள் கூட்டுகிறவள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். புடவைக்கு மேல் சாமிக்கண்ணின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருப்பாள். வண்டியில் எல்லோரும் ஏறியாயிற்றா என்று திரும்பிப் பார்க்க மாட்டாள். தகரத்தில் ஒரு தட்டு தட்டுவாள். சத்தத்திலேயே ஆள் நிறைந்திருக்கிறதா, குறைகிறதா என்று சொல்லிவிடுவாள். நான் சோதித்துப் பார்த்தேன். பாதி நாள் தப்பாகத்தான் சொல்கிறாள். அதை அவளிடம் சொல்ல இதுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை.

நாளைக்கு யார் வயலில் இறங்குவது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதுதான் அவள் தொழிலே. நாற்று ஒரு தடவை முற்றிவிட்டால் நடவுக்கு ஆகாது. எல்லார் நாற்றும் ஒரே வாரத்தில் பக்குவத்துக்கு வரும். பாகூர் பக்கத்துக்காரர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இவளைத்தான் தேடுவார்கள். நமக்கு வேறு இடம் இருக்கிறதா, எத்தனை பேர் வருகிறோம் என்பது வயல்காரனுக்குத் தெரியாமல் இருக்கிறவரைதான் கூலிப் பேச்சில் நம் கை மேலே. தெரிந்துவிட்டால் அவன் சொன்னதுதான் கூலி.

போன பொங்கலுக்கு அரிகரன் புது போன் வாங்கியவர், பழையதைத் துடைத்து இவளுக்குக் கொடுத்தார். நெல்லும் கரும்புமாக நிறைய நிலம் உள்ளவர். பவுனம்மாளுக்கு எழுத வராது. ஆனால் அந்தப் போனில் வாயால் சொன்னாலே போதும், ஒரு பொம்பளைக் குரல் கேட்டுக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு ஞாபகப்படுத்தும் என்று தெரிந்ததும் குஷியாகிவிட்டாள். பெண்களையெல்லாம் 'அடியே' என்று கூப்பிடுகிறவள், அந்தக் குரலை மட்டும் 'நீங்க' என்பாள். சாயங்காலமானால் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். நாளைக்குக் கரியமாணிக்கத்தில் சாமிநாதன் வயல். லில்லிக்கு ஆஸ்பத்திரி, வரமாட்டாள். அது அப்படியே வாங்கிக்கொண்டு, ஆகட்டும் என்று சொல்லும்.

அந்தச் சம்பா நடவில்தான் கோளாறு தொடங்கியது. அரிகரனிடம் கூலி பேசப் போனாள். நாளைக்குச் சாமிநாதன் வயல், மறுநாள்தான் வர முடியும், இன்ன கூலி என்று எப்போதும் போல இல்லாததைச் சொல்லி ஒரு போடு போட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, சாமிநாதன் நாற்று இன்னும் பறிக்கவில்லையே, நாளைக்கு நீ சும்மாதானே இருக்கிறாய் என்றார். அடுத்த தடவை, ஆள் குறைகிறதாமே, முழுக் கூலி எதற்கு என்று கேட்டார். யாரோ இங்கிருந்து அங்கே சேதி சொல்கிறார்கள்.

முதல் சந்தேகம் என் மேல்தான் வந்தது. என் வாயின் நீளம் ஊருக்கே தெரியும், நான் கோபித்துக்கொள்ளவில்லை. எந்த ஊருக்குப் போகிறோம் என்று சொல்லாமலே என்னை ஓட்டவைத்தாள். "லெப்ட்டு", "ரைட்டு", "நேரா போய்யா", அவ்வளவுதான். அப்போதும் சேதி போயிற்று. நான் தப்பித்தேன், ஜெயா மாட்டினாள்.

ஜெயா, பவுனம்மாளின் ஓரகத்தி. சாமிக்கண்ணின் தம்பி பெண்டாட்டி. காலையில் அரிகரன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணம் அள்ளிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கூட்டமே முடிவு கட்டிவிட்டது. ஒரு நாள் அவள் ஏற வந்தபோது பவுனம்மாள் வண்டியின் பின்கதவைச் சாத்தினாள். "நீ வராத. அவன் வூட்டு சாணியே அள்ளிக்கினு கெட" என்றாள். ஜெயா கையில் பிடித்திருந்த சோற்றுத் தூக்கோடு திரும்பி நடந்தாள். அதன்பிறகு அவள் வீட்டுக்கு யாரும் போகவில்லை. ஒரு கிண்ணம் குழம்புகூட அந்தப் பக்கம் போகவில்லை. சாணம் அள்ளுகிற காசில் மட்டும் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

ஜெயா போன பிறகும் சேதி நிற்கவில்லை. அதுதான் பவுனம்மாளை அரித்தது. ஒரு நாள் சாயங்காலம் கூலிப் பேச்சுக்கு அரிகரன் வீட்டு வாசலில் நின்றாள். நானும் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு நின்றேன். அவர் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். திடீரென்று பவுனம்மாளின் சட்டைப் பை பேசியது. நாளைக்கு லில்லி வரமாட்டாள், ஸ்டெல்லாவிடம் கேட்க வேண்டும் என்றது. அதே நேரம், அதே வார்த்தை, அதே குரல், வீட்டுக்குள் கூடத்து ஜன்னலிலிருந்தும் வந்தது. இரண்டும் சேர்ந்து பஜனை பாடுகிற மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தால் ஜன்னலில் ஒரு டேப், பலகை மாதிரிப் பெரிய போன். அரிகரனுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து, வருவதையெல்லாம் உரக்கப் படித்துக் காட்டும்படி அதை வைத்திருக்கிறார்களாம்.

அரிகரன் தோளில் துண்டோடு வந்தார். இவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எத்தினி நாளா இது இங்க பேசுது?" என்று கேட்டாள் பவுனம்மாள்.

"பொங்கல்லேருந்து வருது. அதுபாட்டுக்கு வருது, நான் இன்னா பண்றது?"

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே" என்று சிரித்தார்.

அவள் கூலி பேசாமலே திரும்பினாள். வண்டியில் ஏறி, "ஜெயா வூட்டுக்கு வுடு" என்றாள். தெருவில் எல்லோரும் குழாயடியில் நிற்கிற நேரம். வண்டியை விட்டு இறங்காமலே, நடுத்தெருவில், கோள் சொன்னது ஜெயா இல்லை, தன் வாய்தான், தன் சட்டைப் பைதான் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். காலையில் வண்டிக்கு வந்துவிடு என்று கூப்பிட்டாள். ஜெயா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிதானமாகத்தான் திரும்பினாள்.

"மொதல்ல அத அமத்திட்டு வாக்கா. அது பேசற வண்டில நான் ஏறமாட்டேன்."

சரியான பேச்சு. கதவைச் சாத்தியபோது எல்லோரும்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் நடவை நிறுத்திவிட்டுப் பாகூரில் ஆண்டனியின் மொபைல் கடைக்குப் போனோம். ஆண்டனி பார்த்த உடனே சொல்லிவிட்டான். அரிகரன் போனைத் துடைத்தாரே தவிர, அதற்குள் இருந்த தன் கணக்கை எடுக்கவில்லை. இவள் சொல்வதெல்லாம் அவர் பேரில்தான் ஏறுகிறது, அவரிடம் இருக்கிற எல்லாவற்றிலும் போய்ப் பேசுகிறது. கணக்கை மட்டும் மாற்றித் தருகிறேன், குரல் இருக்கட்டும், நல்ல வசதி ஆயிற்றே என்றான். கேட்ட பாட்டையெல்லாம் போடுமே என்றும் ஆசை காட்டினான். "பாட்டு எனக்கே வரும், நீ அமத்து" என்றாள்.

அவன் கணக்கை எடுத்தான். குரலையும் அமர்த்திக் கொடுத்தான். இவள் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். சொல்லுங்கள், கேட்கிறேன் என்றது. ஆண்டனி அசடு வழிந்து இன்னோர் இடத்தில் போய் அணைத்தான். மறுபடி அழுத்தினாள். மறுபடி விழித்தது. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் மைக் வழியாகக் கேட்கிற உரிமையையே அதனிடமிருந்து பிடுங்கி, பொத்தானின் வேலையையும் மாற்றினான். அழுத்தினாள், திட்டிப் பார்த்தாள், என் கையில் கொடுத்து என்னையும் திட்டச் சொன்னாள். நான் மனசாரத் திட்டினேன். போன் கல் மாதிரி கிடந்தது. அடுத்த நாள் ஜெயா வண்டியில் ஏறினாள். வரிசையில் பவுனம்மாளுக்குப் பக்கத்திலேயே நின்று நட்டாள். நாற்று முடிச்சை ஒருத்தி நீட்ட ஒருத்தி வாங்கினாள்.

அரிகரன் சும்மா இருப்பாரா? நான் கொடுத்த போன், இருந்தபடி இருக்கட்டும், இல்லையென்றால் திருப்பிக் கொடு, இரண்டும் இல்லையென்றால் என் வயல் பக்கம் வராதே என்று ஆள் விட்டார். ஆளை அனுப்பியபோது அவர் நாற்றங்காலில் நாற்று பழுக்கத் தொடங்கியிருந்தது. போனைத் தர மாட்டேன், குடுத்தது குடுத்ததுதான், வயலுக்கும் வரவில்லை என்று இவள் பதில் விட்டாள். அவர் ஆள் தேடி அரியாங்குப்பம் வரை போய்ப் பார்த்தார். அங்கே எல்லாப் பெண்களும் ஸ்கூட்டியில் டவுனுக்கு வேலைக்குப் போகிறார்கள், எவள் சேற்றில் இறங்குவாள்? கடைசியில் அவரே வந்தார். கூலியைக் கேட்டபடி தருகிறேன் என்றார். கூலி அப்புறம், முதலில் அந்த டேப்பை வரப்புக்குக் கொண்டு வந்து எங்கள் முன்னால் அமர்த்து, அதன்பிறகு காலை வைக்கிறோம் என்றாள் பவுனம்மாள். கொண்டு வந்தார். வெயிலில் எழுத்துத் தெரியாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு அவர் தேய்த்துக்கொண்டிருக்க, பெண்கள் எல்லாம் வரப்பில் வரிசையாக நின்றார்கள். ஜெயாதான் பொத்தானை அழுத்திச் சரிபார்த்தாள். அதன் பிறகே இறங்கினார்கள்.

இப்போதெல்லாம் விடிகாலையில் வண்டியின் பின்கதவில் பவுனம்மாள் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஏறுகிற ஒவ்வொருத்தியும் போனை அந்தக் கையில் வைக்க வேண்டும். அழுத்திப் பார்ப்பாள். ஏதாவது குரல் கேட்டால், "இவ வேற ஏறணுமா? எறக்கி வுட்டுட்டு வாடி" என்பாள். கடைத்தெருப் பேச்சு அதற்கப்புறம்தான் கிளம்பியது. முதலில் அது அரிகரன் வீட்டு வாசலில்தான் கேட்டதாக எனக்குத் தகவல். வேட்டி கட்டினவர் வரப்பில் டேப்போடு நின்றார் என்பதைவிட, ஒரு பெண்டாட்டி செல்போனோடு சக்களத்திச் சண்டை போட்டாள் என்றால் ஊருக்குச் சொல்லச் சுகமாகத்தான் இருக்கும்.

நேற்று வண்டியில் வரும்போது, கடைத்தெருவில் இப்படியெல்லாம் பேசுகிறார்கள், பத்திரிகைக்கு எழுதப்போகிறேன், எதை எழுதட்டும் என்று அவளிடமே கேட்டேன். சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"போன்ல இருந்தவகூட எனக்கு இன்னாயா சண்ட? நான் சொன்னதத் திருப்பிச் சொன்னா, வாய மூடுன்னா மூடிக்கினா. நான் சண்ட போட்டது அரிகரன்கூட. பேரு போட்டே எழுது."