சித்தி மாற்றிய சிடி

தூத்துக்குடியிலிருந்து சித்தி அழைத்தாள். செல்போன் கேரம் விளையாட்டில் அவள் கணக்கை முடக்கிவிட்டார்களாம்.

“ஏளா, நான் ஏமாத்துதேனாம். எவன் பூட்டுனான்னு பாத்துச் சொல்லு.”

அவளுக்குப் பின்னால் மீன் பொரியும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் எனக்கு மறுபடி பத்து வயதாகிவிட்டது.

அப்போது எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் வீடியோ கேம் பெட்டி இருந்தது. அசல் சிடி ஒன்றுதான்; மற்ற விளையாட்டெல்லாம் நகல் சிடி. மாதா சுரூபம் போல அது நாளுக்கொரு வீடாகச் சுற்றி வரும். பெட்டியைப் போட்டதும் உள்ளே இருப்பது அசல்தானா என்று ஒருமுறை சோதிக்கும். சோதனை முடிந்த நொடியில், சுழலும் அசலை எடுத்துவிட்டு நகலை வைத்தால் ஏமாந்துவிடும். மூடி திறந்திருப்பது பெட்டிக்குத் தெரியாமலிருக்க, மூடி அழுத்தும் பொத்தானில் தீக்குச்சி செருகியிருப்போம்.

அண்ணனுக்குக் கை நடுங்கும். எனக்கு அவனைவிட அதிகம். யார் மாற்றுவது என்ற எங்கள் சண்டையைக் கேட்டு, சீலா மீன் பொரித்துக்கொண்டிருந்த சித்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“அசல் கீறிச்சுன்னா தெருவே நம்மள வையும். தள்ளுங்க.”

முந்தானையில் கையைத் துடைத்தாள். எண்ணெயில் மீனைத் திருப்புவது போல ஒரு சுண்டு. நகல் ஓடியது. அன்றிலிருந்து சிடி போகும் வீட்டுக்கெல்லாம் சித்தியும் போக வேண்டியதாயிற்று.

“கணக்குல என்ன பேரு சித்தி?” என்று போனில் கேட்டேன்.

“சீலாராணி.”

அந்தக் கேரம் விளையாட்டில் திருட்டு ஆட்டக்காரர்களைப் பிடிப்பதுதான் என் உத்தியோகம். காயை எங்கே அடிப்பது என்று கோடு போட்டுக் காட்டும் திருட்டுச் செயலியை வைத்து ஆடியதற்காக, சீலாராணியை நேற்று முடக்கியது நான்தான்.

“எவன்ளா அவன்?”

“அவன் இல்ல சித்தி, அவ. ஒன் கைய நல்லாத் தெரிஞ்சவ.”